இடது மடி

நொண்டி என்றுதான் கூப்பிட்டார்கள் முதலில்.
லாடம் அடிப்பவன் இரண்டு முறை வந்து
பின்னங்குளம்பைச் சுரண்டிவிட்டுக் காசு வாங்கிப் போயிருந்தான்.
மின்னி காலை அகட்டி அகட்டி நடந்தாள்,
ஈரச் சேலை தொடையில் ஒட்டிக்கொண்டவள் போல.
குனிந்து பார்த்தேன்.
குளம்பில் ஒன்றுமில்லை.
தொடைகளுக்கு நடுவே இடது மடி
வேகாத மரவள்ளிக்கிழங்கு மாதிரி இறுகிக் கிடந்தது.

குட்டியை மார்கழியிலேயே நுவரெலியாவுக்கு விற்றாயிற்று.
பாலுக்கு யாரும் சொல்லவில்லை.

அது எட்டு மாதத்துக்கு முந்தியது.
கொம்பனித்தெருவில், ரயில் பாதைக்குப் பின்னால்,
தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மட்டக்குதிரைகளும் மின்னியும்.
காற்றுத் திரும்பினால் பேரை வாவியின் பச்சை நாற்றம்.
ஞாயிறு மாலை காலிமுகத்திடலில்
ஊர்ப்பிள்ளைகளைச் சுமக்கிற முதுகு அவளுடையது.
ஒரு சுற்று முந்நூறு. படம் எடுத்தால் தனி.

பென்சிலின் போட்டேன். வலிக்கு ஒன்று.
சுடுதண்ணீரில் நனைத்த துணி, நாலு மணிக்கு ஒருதரம்.
வீக்கம் வற்றியது.
துவான் ஜுனைதீன் தேத்தண்ணியும் கிறீம் கிரெக்கரும் தந்தார்.
மூன்றாம் கிழமை திரும்பவும் வந்தது.
ஊசியை மாற்றினேன். போனது.
வந்தது.

மடிக்குள் ஏற்றும் மருந்து மாட்டுக்கென்று செய்தது,
மூக்குத் தடித்தது, குதிரைக் காம்பில் நுழையாது.
பூனைக்கு மூத்திரம் எடுக்கும் மெல்லிய குழாயை மாட்டி
ஒரு துளைக்கு ஒன்றாக
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன்.
பாலை ஐஸ் பெட்டியில் வைத்து
பதுளை ரயிலில் பேராதனைக்கு அனுப்பினேன்.
கிருமியின் பெயரும் அதைக் கொல்வதின் பெயரும்
ஒரு தாளில் திரும்பி வந்தன.
நான் கொடுத்ததுதான். சரியான மருந்துதான்.
அப்படியும் வந்தது.

மாட்டுக்குக் காம்புக்கு ஒரு துளை,
குதிரைக்குக் காம்புக்கு இரண்டு.
பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய வரி அது.

பிலேந்திரன் கொச்சிக்கடைப் பெடியன்.
சாணம் அள்ள வந்தவன், பால் கறக்கவும் பழகிவிட்டான்.
இரண்டு தரம் உதை வாங்கிய முழங்காலோடு
அன்றைக்கும் குந்தியிருந்தான்.
"டொக்டர், மூண்டு பக்கமாப் பீச்சுது."
"ரெண்டு" என்றேன், ஊசி மருந்தை இழுத்தபடி.
அவன் வாதாடவில்லை.
கறுப்பு ரீசேட்டைக் கழற்றிக் காம்புக்குக் கீழே விரித்துப் பிடித்து
இன்னொருக்கால் பீச்சினான்.

இரண்டு கோடு, தண்ணீராய்.
மடிப்புக்குள் இருந்து சாய்வாக ஒன்று,
மஞ்சளாய், திரிந்த தேங்காய்ப்பால் கட்டிகளோடு.

சிலதுகளுக்கு மூன்றும் இருக்கும்.
இரவு வீட்டில் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.
அதே பக்கத்தில், அடிக்குறிப்பில்,
நான் கோடிட்ட வரிக்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

எட்டு மாதத்துச் சிட்டைகளை ஜுனைதீன்
ஆணியில் குத்தி வைத்திருந்தார்.
"பிழை என்னுடையது" என்றேன்.
"குதிரைக்கு ஊசி போட்டுப் பணக்காரரான டொக்டரை
நானும் கண்டதில்லை" என்றார்.
பிறகு,
"இந்த ஞாயிறு?"
"இல்லை."
"அடுத்த ஞாயிறு?"
நான் பெட்டியைப் பூட்டினேன்.
திடலில் அது பட்டக் காற்றுக் காலம்,
ஆட்கள் குவியும் காலம்.
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாவதற்குள் குழாய் போய்ப் பத்து நாள் ஆகிறது.
சீழ் தெளிந்துவிட்டது.
இறுகிய தசை இளகாது, அதை மறைக்கவில்லை.
இன்னொரு குட்டி பிறந்தால்
அந்தப் பக்கம் அரைவயிறுதான்.
கட்டி மாங்காயில் இருந்து தேசிக்காய்க்கு வந்திருக்கிறது.
மின்னி இன்னும் அகட்டித்தான் நடக்கிறாள்,
வலியாலா பழக்கத்தாலா என்று
கேட்க வழியில்லை.

நேற்றுக் கைகழுவித் திரும்பியபோது
பிலேந்திரன் நோயில்லாத வலது காம்பை
மெல்லப் புரட்டி எண்ணிக்கொண்டிருந்தான்.
வெளிச்சம் போதவில்லை.
கிட்டப் போய்க் குந்தி
டோர்ச்சைப் பிடித்தேன்.